நட்சத்திரம் இல்லாத கட்டம்

சங்குமேட்டில் ஒவ்வோர் ஆளும் இரண்டு ஆளாகிப்போன அந்த ஐந்து நாட்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும், அவர்கள் முதலில் சொல்வது தண்ணீர்க் குழாயைப் பற்றித்தான். ஊருக்கு இருந்த ஒரே குழாயடியில் ஒரே பெண் இரண்டு இடத்தில் வரிசை பிடித்து நின்றாள் என்றும், பின்னால் நின்றவள் முன்னால் நின்ற தன்னையே பார்த்து "ஏட்டி, எவ்வளவு நேரந்தான் பிடிப்ப?" என்று ஏசினாள் என்றும், முன்னால் நின்றவள் திரும்பி அதே வாயால் அதைவிட மோசமாக ஏசினாள் என்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் அந்தச் சனிக்கிழமையின் நினைப்பு வரும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டுக்கு வீடு கதவு தட்டப்பட்டது. திறந்தவர்கள் வாசலில் தங்களையே கண்டார்கள். அதே கைலி, வாயில் அதே பல்குச்சி, கன்னத்தில் பாயின் அச்சு கூட அதே இடத்தில். "யாரு?" என்று கேட்டதற்கு "நாந்தான்" என்று பதில் வந்தது. "நாந்தான்னா?" என்று மறுபடி கேட்டதற்கு, "நாந்தாம்ல, வழிய விடு, உப்பளத்துக்கு நேரமாச்சு" என்று வந்தவர்கள் உள்ளே நுழைந்து, சட்டை எந்த ஆணியில் தொங்கும், பழைய சோறு எந்தச் சட்டியில் இருக்கும் என்று ஒருவரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். உப்பளத்து ஊர்க்காரர்கள் வெயிலில் எத்தனையோ பார்த்தவர்கள், கானல் நீரில் கப்பல் தலைகீழாகப் போவதைக் கூடப் பார்த்தவர்கள், ஆகவே இதற்காக ஒருவரும் மயங்கி விழவில்லை. சோறு பற்றாது என்ற கவலைதான் முதலில் வந்தது.

எங்கிருந்து வந்தது இந்த வினை என்று அவர்கள் ரொம்பத் தேடவும் இல்லை. உப்பளத் தொழிலாளர் நலச் சங்கத்தில் போன வாரம் புதிதாக விதி ஏற்றிய கணினிப் பொட்டியின் வேலைதான் அது என்று டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது. மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும்போது அங்கத்தினர்களுக்குச் சங்கம் அரிசி கொடுக்கும். அதில் குருஸ் என்கிற ஒரு கெட்டிக்காரர் ஒரே விவரத்தில் இரண்டு அட்டை போட்டு இரண்டு பங்கு வாங்கிக்கொண்டிருந்தார். இது மேலிடத்துக்குத் தெரிந்ததும், அவர்கள் பட்டணத்திலிருந்து ஒரு விதியை எழுதி, கணினி வழியாக அனுப்பி, யாரும் தொட முடியாதபடி பூட்டும் போட்டுவிட்டார்கள். ஒரு அங்கத்தினர் இருந்து, இன்னொரு அங்கத்தினரும் இருந்து, இருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, தெரு ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால் அவர்களை இரட்டை என்று குறித்துக்கொள். மாதக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு இரட்டையில் ஒருவரை நீக்கு. அவ்வளவுதான் விதி.

படித்துப் பார்த்தால் நமக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பொட்டி காரியத்தில் கண்ணும் கருத்துமாக இருக்கிற சாதி. அது ஒரு அட்டையை எடுத்தது, சங்கத்திலிருந்த நானூற்றுப் பதிமூன்று அட்டைகளின் பக்கத்திலும் அதை வைத்துப் பார்த்தது, அந்த நானூற்றுப் பதிமூன்றில் எடுத்த அட்டையும் ஒன்று என்பதால் அதை அதன் பக்கத்திலேயே வைத்தும் பார்த்தது. பெயர் ஒன்றா, ஒன்று. தகப்பன் ஒன்றா, ஒன்று. தேதி ஒன்றா, தெரு ஒன்றா, ஒன்று, ஒன்று. இன்னொருவர் என்றால் அவரல்லாத ஒருவர் என்று மனுசனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பொட்டிக்குச் சொல்ல வேண்டும், மேலிடத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்குத்தானே இரட்டை என்று பொட்டி சொன்னது, ஊர் அதைக் கேட்டுக்கொண்டது.

இரட்டையாகாமல் ஒற்றையாகவே எழுந்தவள் அந்த ஊரில் ஒரே ஒருத்தி. சங்கத்தில் பதிவேடு எழுதும் பிரகாசி. அன்று காலை அவள் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது, ஆனால் வந்தது அவள் புருசன் மிக்கேலும், அவன் தாய் பாக்கியமும். உள்ளே ஏற்கெனவே ஒரு மிக்கேல் முகம் கழுவிக்கொண்டிருந்தான், ஒரு பாக்கியம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். தனக்கும் ஒருத்தி வருவாள் என்று பிரகாசி வெளியே தெருமுனை வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை.

"இதுலயும் ஒன்ன ஒதுக்கிட்டாவளா?" என்றாள் அடுப்பு மூட்டிய பாக்கியம்.

"அப்பன் பேரு தெரியாதவளுக்கு எவ வருவா?" என்றாள் வாசலில் நின்ற பாக்கியம்.

பத்து வருசமாக ஒரு வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது இப்போது இரண்டு வாயிலிருந்து வந்தது, வித்தியாசம் அவ்வளவுதான். பிரகாசியை இரண்டு வயதில் கன்னியர் விடுதியில் விட்டுப்போன தாய், பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர்க் கட்டம் காலி, கல்யாணப் பத்திரிகையில் 'அவர்களின் மகள்' என்பதற்கு முன்னால் நாலு புள்ளி, அந்த நாலு புள்ளியை வைக்கச் சொன்னதே பாக்கியம்தான். சங்கத்தில் அங்கத்தினராகச் சேரப் போனபோது, நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை நிரப்பாமல் கணினி அவளை உள்ளே விடவில்லை. தகப்பன் பெயர்க் கட்டத்துக்கும் ஒரு நட்சத்திரம் இருந்தது. அவள் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள். அப்போதிருந்த எழுத்தர் சங்கடப்பட்டு, பட்டணத்துக்கு எழுதிப்போட்டு, அந்த ஒரு நட்சத்திரத்தை மட்டும் எடுக்க வைத்தார். அதிலிருந்து அந்தப் படிவத்தில் காலியாக விடக்கூடிய கட்டம் அது ஒன்றுதான், அதைக் காலியாக விட்டவளும் அவள் ஒருத்திதான்.

ஊர் என்னவோ இரண்டே நாளில் பழகிக்கொண்டது. டீக்கடை முத்தையாவில் ஒருவர் ஆற்ற, ஒருவர் கொடுத்தார், இத்தனை வருசத்தில் முதல் தடவையாக டீ சூடாகக் கிடைத்தது. முடிதிருத்தும் சண்முகம் தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டு, பின்கழுத்து இவ்வளவு அசிங்கமாகவா இருந்தது என்று வருத்தப்பட்டார். பெண்கள் தங்களுக்குத் தாங்களே பேன் பார்த்துக்கொண்டார்கள். அட்டை இல்லாத பிள்ளைகள் மட்டும் ஒற்றையாக இருந்துகொண்டு, இரண்டு தாய் இரண்டு தகப்பன் என்று நாலு பேரிடம் அடி வாங்கினார்கள். தனியாக இருந்த செல்லக்கனி தனக்குத் துணை வந்தது என்று முதல் நாள் மகிழ்ந்தாள், இரண்டாம் நாள் "நான் இவ்வளவு பேசுவனா, ஒருத்தரும் சொல்லலியே" என்று காதைப் பொத்திக்கொண்டாள். குருஸின் கதைதான் பாவம். அவருடைய இரண்டு அட்டையும் தன்னோடு தானும், ஒன்றோடு ஒன்றும் பொருந்தியதில் அவர் நாலு பேராகிவிட்டார். ஏமாற்றி வாங்கிய அரிசியெல்லாம் நாலு வயிற்றுக்குப் பொங்கிப் போட்டே இரண்டு நாளில் தீர்ந்துவிட, நாலு குருஸும் சேர்ந்து வந்து ஒரு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேராகத் திரும்பிப் போனார்கள்.

பிரகாசியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவள் ஸ்டூலைப் பார்த்தவள்.

போன வாரம் பொட்டியைச் சோதித்துப் பார்க்க, செயலாளர் தனபால் அங்கத்தினர் பட்டியலைக் கொடுக்கும் முன்பு பெயர், எண், வாங்கின வருசம் எல்லாம் எழுதிய அலுவலகச் சாமான் பட்டியலைக் கொடுத்தார். அடுத்த நாள் காலை அலுவலகத்தில் இரண்டு ஸ்டூல், இரண்டு நாற்காலி, இரண்டு அலமாரி. "பரவாயில்லையே, சங்கத்துக்கு லாபந்தான்" என்று தனபால் கையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு இரட்டையில் ஒன்றை நீக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினார். இரண்டு ஸ்டூலும் போயிற்று. நாற்காலியும் அலமாரியும் அதேபோல இரண்டிரண்டாகப் போயின. இரட்டை என்று காட்டினாலும் பட்டியலில் இருந்த வரி ஒன்றுதானே, அந்த ஒன்றை எடுத்தால் பாக்கி என்ன இருக்கும்? அன்றிலிருந்து தனபால் நின்றுகொண்டே கையெழுத்துப் போடுகிறார். சாமான்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்லா, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆறுதல் சொன்னபோது, பிரகாசி முற்றத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் கருவாடு பிய்த்துத் தின்றுகொண்டிருந்த இரண்டு மிக்கேலையும் பார்த்தாள். முந்தின நாள் அவள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பெண் பார்க்க வந்த அன்று கொல்லையில் வைத்துத் தன்னிடம் ரகசியமாக என்ன சொன்னான் என்று கேட்டிருந்தாள். "பேரு ஒண்ணு போதும், ஒன்னக் கூப்பிடுததுக்கு" என்று இருவருமே சொன்னார்கள், இருவருமே சொல்லும்போது காதைச் சொரிந்துகொண்டார்கள். இதில் யார் அசல், யார் நகல் என்று பிரிக்க எதுவும் இல்லை. இரண்டும் அவன்தான், மாதக் கடைசி நாளான சனிக்கிழமை நான்கு மணிக்கு இரண்டும் போய்விடும், அவன் மட்டுமல்லாமல் ஊரே போய்விடும், காலியான தெருவில் தான் ஒருத்தி மட்டும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்போம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

புதன்கிழமை முழுக்க இரண்டு தனபாலும் மாறி மாறிப் பட்டணத்துக்குப் போன் போட்டார்கள். விதியை எழுதியவர் லீவில் இருக்கிறார், ஐந்தாம் தேதிதான் வருவார், அவரில்லாமல் பூட்டைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. "ஐந்தாம் தேதி நாங்க இருக்க மாட்டோம் சார்" என்று ஒரு தனபால் சொல்லிப் பார்த்தார். "அப்போ ஆறாம் தேதி பேசுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

இரண்டு தனபாலும் சோர்ந்துபோய் அலுவலகத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிரகாசி அவர்களைப் பார்த்தாள், பிறகு பெஞ்சைப் பார்த்தாள், பார்த்தது பார்த்தபடி நின்றாள்.

"சார், இந்தப் பெஞ்சு மட்டும் எப்படி இருக்கு?"

"அது கோயில்ல இருந்து சும்மா குடுத்ததும்மா. பட்டியல்ல இருக்கு. வாங்கின வருசம் தெரியாதுன்னு அந்தக் கட்டத்த நீதான் காலியா விட்ட."

பிரகாசி பதிவேட்டை இழுத்து இரண்டு வரியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று பெஞ்சு, மற்றொன்று அவள். இவள் தகப்பன் யார் என்று பொட்டி கேட்டிருக்கிறது, தெரியாது. பக்கத்தில் இருப்பவளின் தகப்பன் யார், தெரியாது. இரண்டு பேரும் ஒன்றா என்றால், தெரியாததும் தெரியாததும் ஒன்று என்று எதை வைத்துச் சொல்வது? பொட்டி நாணயமான பொட்டி, தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. காலிக் கட்டம் எதனோடும் பொருந்தாது, தன்னோடு கூடப் பொருந்தாது.

"சார், விதியத்தான் பூட்டியிருக்காவ. அட்டை நம்ம கையிலதான இருக்கு?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெயரை அழிக்க முடியாது, நட்சத்திரம் இருந்தது. தேதிக்கும் தெருவுக்கும் நட்சத்திரம் இருந்தது. அழிக்கக்கூடிய கட்டம் ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை காலை சங்கத்து வாசலில் இதைச் சொன்னதும் ஊர் கொந்தளித்தது. சங்குமேட்டில் தகப்பன் பெயர் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அளமும் சொந்தமில்லை, தோணியும் சொந்தமில்லை, பலருக்கு அப்பன் வைத்துவிட்டுப் போனது அந்தப் பெயர் ஒன்றுதான். "அழிச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக் கோயிலுக்குப் போவ?" என்று ஒரு பக்கம் கத்தினார்கள். "இவ தன்ன மாதிரி எல்லாரையும் ஆக்கப் பாக்கா" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. பிரகாசி உள்ளே போய், தண்ணீர் நிறைந்த ஒரு மண்குடத்தைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள். குடம் வாங்கின வருசம், எண் எல்லாவற்றோடும் பட்டியலில் ஏறி இரண்டானது. தனபால் பொத்தானை அமுக்கினார். குடங்கள் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் தரையில் ஓடியது.

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. முதலில் குருஸ்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பயம் அதிகம். அட்டையைத் திருத்த ரேகைக் கருவியில் விரலை வைத்தார்கள், இரண்டு பேர் ரேகையும் ஒன்றாகவே விழுந்தது. பிரகாசி கட்டத்தை அழித்துச் சேமித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பெஞ்சில் உட்காரப் போனார்கள், உட்கார்ந்தது ஒருவர். எழுந்தவர் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பசிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழன், வெள்ளி, சனி மதியம் வரைக்கும் ஊர் இரண்டிரண்டாக வந்து ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனது. அழிக்கும் முன் ஒவ்வொருவரும் தகப்பன் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொன்னார்கள், யாரும் சொல்லச் சொல்லவில்லை, தானாக அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது. அந்தோணிமுத்து என்றார்கள், சுடலைமாடன் என்றார்கள், பீர்முகமது என்றார்கள், வெள்ளைச்சாமி என்றார்கள். சொன்ன பெயரைத் திரையில் எழுத்து எழுத்தாகப் பிரகாசி அழித்தாள், அழிக்கும்போது அவளும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு பாக்கி இருந்தது அவள் வீடு மட்டும்தான். மிக்கேல்கள் "அம்மா சொல்லாம அப்பா பேர நான் தொட மாட்டேன்" என்று நின்றார்கள். அருளப்பன் என்கிற அந்த மனுசன் மிக்கேல் வயிற்றிலிருக்கும்போதே கடலில் போனவர். அவர் உடம்பு கூடக் கரைக்கு வரவில்லை, கல்லறை கிடையாது, படம் கிடையாது. மகன் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கட்டத்தில் மட்டும்தான் அவர் எழுத்தாக இருந்தார்.

இரண்டு பாக்கியமும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்து பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. வெளியே ஊர் முழுவதும் வாசலை நெருக்கிக்கொண்டு நின்றது.

"மாமி, நேரம் ஆவுது" என்றாள் பிரகாசி. "ஒங்க மவன எனக்கு வேணும் மாமி. ரெண்டா வேண்டாம், ஒண்ணா வேணும். நீங்களும் வேணும்."

இரண்டு பாக்கியமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் ஏசும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று ஐந்து நாளாக எதிரே உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள். அது அவர்களுக்கே பிடித்திருக்கவில்லை.

"ஏட்டி," என்றாள் ஒருத்தி மெதுவாக, "இத்தன வருசம் வெறுங்கட்டத்த வச்சுக்கிட்டு எப்படிட்டி இருந்த?"

பிரகாசி யோசித்தாள். "மொதல்ல வலிக்கும் மாமி. பெறவு பழகிரும். ஒங்களுக்கு அஞ்சு நாள்தான், அதுக்குப் பெறவு திருப்பி எழுதிரலாம்."

"ஒனக்கு நான் பழக விடலியே" என்றாள் மற்றவள், சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். முதலில் தன் தகப்பன் சந்தியாகுவின் பெயரைச் சொன்னாள். அழிந்ததும் பெஞ்சில் ஒரு பாக்கியம் இருந்தாள், அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளே இரண்டு மிக்கேலின் கையையும் பிடித்துக் கருவியில் வைத்து, ஊருக்கெல்லாம் கேட்கும்படி "அருளப்பன்" என்றாள். முப்பத்தாறு வருசமாக அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பிரகாசி கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரைக்கும் அழித்துச் சேமித்தாள். மிக்கேல் ஒருவனாக நின்று, காதைச் சொரிந்துகொண்டு, "வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டான்.

நான்கு மணி அடித்தது. பொட்டி அட்டை அட்டையாக எடுத்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, கேட்டது, கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டாவது அட்டையையும் வைத்துப் பார்த்துவிட்டு, 'பொருந்தியவர் எவரும் இல்லை' என்று திரையில் எழுதியது. தனபால் அதைச் சத்தமாக வாசித்தார், வாசலில் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், அவர்கள் தெருவுக்குச் சொன்னார்கள், உப்பளம் வரைக்கும் ஒரு பெருமூச்சு போய் வந்தது. எல்லோரும் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். முத்தையா கடையில் அன்று டீ வழக்கம்போல ஆறிப்போய் வந்தது, யாரும் குறை சொல்லாமல் குடித்தார்கள்.

ஐந்தாம் தேதி லீவு முடிந்து வந்தவர் விதியில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: 'இன்னொருவர் அவரே அல்லாதவராக இருக்க வேண்டும்.' ஆறாம் தேதி பெயர்களைத் திருப்பி எழுதிக்கொள்ள ஊர் மறுபடி வரிசையில் நின்றது. பிரகாசி ஒன்றைக் கூடத் தாளைப் பார்த்து எழுதவில்லை, அவளுக்கு எல்லோருடைய அப்பன் பெயரும் மனப்பாடமாகியிருந்தது. அருளப்பன் திரும்பி வந்தார், சந்தியாகு திரும்பி வந்தார். திரையை ஒட்டி நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியம், நானூற்றுப் பதினொரு பெயருக்கு நடுவில் வெள்ளையாகக் கிடந்த அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தாள்.

"ஒனக்கு ஒண்ணும் எழுதலியா?"

"கெடக்கட்டும் மாமி" என்றாள் பிரகாசி.

பின்னால் நின்ற குருஸ் எட்டிப் பார்த்து, "இது யாரு, ஒருத்தர விட்டுட்டியளே, அந்த எடத்துல எதையாச்சும் போட்டு நெரப்புங்க" என்று விரலை நீட்டினார். பாக்கியம் அந்த விரலைத் தட்டிவிட்டாள்.

"கைய எடும்வே. அது எம் மருமவ கட்டம்."